சிவப்பு சிலிண்டர் சுவத்துல தொங்குனா மட்டும் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

நான் நங்கநல்லூர்ல இருக்கேன். கீழ வண்டி நிறுத்துற ஸ்டில்ட், அதுக்கு மேல மூணு மாடி, மொத்தம் பன்னெண்டு வீடு. இருபது வருஷமா உங்க பேப்பர்தான் எங்க வீட்டுக்கு வருது, ஆனா லெட்டர் எழுதுறது இதான் முதல் தடவை. தீ விபத்துச் செய்தி வந்தா "மின்கசிவு காரணமா என்று போலீசார் விசாரித்து வருகின்றனர்"னு நாலு வரியில முடிஞ்சுடுது. அந்த வீட்டு மாடிப்படியில தொங்கிட்டு இருந்த செவப்பு தீயணைப்பு சிலிண்டர யாராச்சும் எடுத்தாங்களா, எடுத்தவங்களுக்கு அத அமுக்கத் தெரிஞ்சுதான்னு எந்தச் செய்தியிலயும் வர்றதில்ல. அதப் பத்திதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், முடிஞ்சவரைக்கும் வெட்டாம போடுங்க.

போன தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். எதிர் வீட்டு மாமி முறுக்கு பிழிஞ்சுட்டு இருந்தாங்க. கொரியர்காரர் வந்து பெல் அடிச்சிருக்கார், அடுப்ப சிம்ல வைக்காம அப்படியே வாசலுக்குப் போயிட்டாங்க, ஓடிபி வரல, மெசேஜ் வரலன்னு அஞ்சாறு நிமிஷம் ஆயிடுச்சு. திரும்பிப் பாத்தா வாணலி மொத்தமா எரியுது. அவங்க போட்ட சத்தத்துல நான் ஓடிப்போனேன், தீ மேல சிம்னி வரைக்கும் நக்குது, லாஃப்ட்டுல அடுக்கி வச்ச பழைய பேப்பர் கட்டுக்கும் அதுக்கும் ரெண்டு முழம்தான் இடைவெளி. மாமியோட பையன் காலேஜ் படிக்கிறவன், குழாய்ல சொம்பு நெறைய தண்ணி புடிச்சுக் கையத் தூக்கிட்டான். அவங்க வீட்டுல ஒத்தாசைக்கு வர்ற அக்கா அவன் கையத் தட்டி விட்டு "தம்பி தண்ணி ஊத்தாதே, எல்லாரும் வெந்து போயிடுவோம்"னு ஒரு கத்து கத்துனாங்க பாருங்க, அது இன்னிக்கும் என் காதுல இருக்கு.

நான் படிக்கட்டுக்கு ஓடி சிலிண்டர எடுத்தேன். கொக்கி துருப்புடிச்சு இறுகிப்போயிருந்துச்சு, ரெண்டு கையாலயும் ஆட்டி ஆட்டித்தான் கழட்டினேன். மேல ஒரு வளையம் மாதிரி பின் இருக்கு, இழுக்குறேன் இழுக்குறேன் வரவே இல்ல. ஏன் வரலன்னு அப்போ தெரியல. பதட்டத்துல நான் ஒரு கையால கைப்பிடிய இறுக்கி அமுக்கிக்கிட்டே இன்னொரு கையால பின்ன இழுத்திருக்கேன், அமுக்குனா அந்த லிவர் பின்ன நெரிச்சுப் புடிச்சுக்கும், எவ்வளவு பலம் போட்டாலும் வராது. சிலிண்டர தரையில வச்சு, கைப்பிடிய அமுக்காம, பின்ன லேசாத் திருகுனா அந்த பிளாஸ்டிக் சீல் அறுந்து தானா வந்துடும். இந்த ஒரு விஷயம் எனக்கு அம்பத்தி மூணு வயசு வரைக்கும் யாரும் சொல்லித் தரல.

நான் பின்னோட போராடிட்டு இருக்கும்போதே அந்த அக்கா என்ன பண்ணாங்கன்னா, புடவைத் தலைப்ப இழுத்துச் செருகிட்டு, ஓரமா நின்னு அடுப்பு நாப்ப மூடிட்டு, பட்சணம் அடுக்க வச்சிருந்த பெரிய எவர்சில்வர் தாம்பாளத்த முகத்துக்கு முன்னாடி கேடயம் மாதிரி புடிச்சுக்கிட்டே போயி வாணலி மேல பக்கவாட்டுல நகத்தி மூடிட்டாங்க. அவ்வளவுதான். தீ போச்சு. பையன் உடனே தட்டத் தூக்கப் போனான், அதுக்கும் விடல, "ஆறட்டும், அரை மணி நேரம் யாரும் தொடாதீங்க"ன்னுட்டாங்க. எங்கக்கா கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா, கல்யாண மண்டபத்துல சமையல் கோஷ்டியோட பத்து வருஷம் வேலை பாத்திருக்காங்க, அங்க மாஸ்டர் முதல் நாளே சொல்லிக் குடுத்துடுவாராம், எண்ணெய் பத்துனா மூடு, தூக்காதே, தண்ணி காட்டாதே.

அப்புறம் என் சிலிண்டர். பின் வந்ததுக்கப்புறம் வெளிய வராண்டாவுல அமுக்கிப் பாத்தேன். புஸ்ஸுன்னு சைக்கிள் டியூப்ல காத்து போற சத்தம், தீய அணைக்கிற பவுடர் ஒரு பிடி கூட வரல. அழுத்தத்தக் காட்டுற மீட்டர்ல முள்ளு செவப்புல கெடக்கு. ஆனா சிலிண்டர் வயித்துல புது ஸ்டிக்கர், ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் "பரிசோதிக்கப்பட்டது"ன்னு தேதி போட்டுக் கையெழுத்து.

தீபாவளி முடிஞ்ச மறுநாள் நானும் வாட்ச்மேன் அண்ணனும் எல்லா சிலிண்டரையும் கீழ எறக்கி வரிசையா வச்சுப் பாத்தோம். மொத்தம் ஆறு. மாடிக்கு ஒண்ணுன்னு நாலு பவுடர் சிலிண்டர், ஈபி மீட்டர் போர்டு பக்கத்துல ஒண்ணு, லிஃப்ட் மோட்டார் ரூம்ல ஒண்ணு, இந்த ரெண்டும் கரியமில வாயு. பவுடர்ல மூணோட மீட்டர்லயும் முள்ளு செவப்பு. நாலாவதுல பச்சையிலதான் இருந்துச்சு, சந்தோஷப்பட்டு ஓஸ் பைப்ப எடுத்துப் பாத்தா வாய்ல குளவி மண்ணு வச்சுக் கூடு கட்டியிருக்கு, ஒரு குச்சிய விட்டுக் குத்துனா மண்ணாக் கொட்டுது. சிலிண்டர்ல அடிச்சிருக்குற வருஷம் 2011. நாலுக்கும் அதே 2011 தான். கரியமில வாயு சிலிண்டர்ல மீட்டரே இல்ல, நாங்க யாரோ ஒடச்சுட்டாங்கன்னு நெனச்சோம், அது அப்படித்தான் வருமாம், எடை போட்டுத்தான் உள்ள இருக்கான்னு பாக்கணுமாம். காலியா இருக்கும்போது எவ்வளவு எடைன்னு அதுலயே அடிச்சிருக்கும், அத வச்சு எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு கணக்குப் பாத்துக்கலாம். வருஷா வருஷம் காசு வாங்கிட்டுப் போன ஆள் ஒரு தடவை கூட தராசு கொண்டு வந்தது கெடையாது. ஒரு துணியில தொடச்சுட்டு, ஸ்டிக்கர் மாத்திட்டு, பில்லக் குடுத்துட்டுப் போயிடுவார், நாங்களும் அசோசியேஷன் செக்ரட்டரியா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம். அந்தக் கையெழுத்துல மூணு வருஷம் என்னோடது. அதனாலதான் இந்த லெட்டர எழுதாம இருக்க முடியல.

எங்க பக்கத்துத் தெருவுல தீயணைப்புத் துறையில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா இருக்கார், அவர்கிட்ட போயி நின்னேன். வந்து பாத்தார். சிலிண்டர ஒவ்வொண்ணா உருட்டிப் பாத்துட்டு என்கிட்ட முதல்ல சொன்னது, "அம்மா, அன்னிக்கு இது வேலை செய்யாததே நல்லதாப் போச்சு"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவர் சொன்ன காரணம் இதுதான். பவுடர் உள்ள இருந்து ரொம்ப வேகமா வரும். எரியுற எண்ணெய்க்கு ரெண்டடி தூரத்துல நின்னு அடிச்சா அந்த வேகத்துல எண்ணெய் வாணலிய விட்டுத் தெறிச்சு சுவர்லயும் அடிச்சவங்க மேலயும் போயி அங்கங்க எரியும். அப்படியே அணைஞ்சாலும் பவுடர் எண்ணெயக் குளிர வைக்காது, எண்ணெய் அந்தச் சூட்டுல இருக்குற வரைக்கும் திரும்பப் பத்திக்கும். வாணலிக்கு மூடிதான் மருந்து. இல்லாட்டி ஃபயர் பிளாங்கெட்.

தண்ணி ஏன் கூடாதுன்னும் அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. நம்ம எல்லாருக்கும் கூடாதுன்னு மட்டும் தெரியும், ஏன்னு தெரியாது, ஏன்னு தெரியாததால பதட்டத்துல மறந்துடும். தண்ணி 100 டிகிரியில ஆவியாயிடும், எரியுற எண்ணெய் 300 டிகிரிக்கும் மேல இருக்கு. ஊத்துன தண்ணி எண்ணெய விட கனம், அதனால அடிக்குப் போயி அங்க ஒரே நொடியில ஆவியாகுது. ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா 1,600, 1,700 லிட்டர் இடம் புடிக்கும். அது மேல வரும்போது எரியுற எண்ணெயையும் தூக்கிட்டு வந்து கூரை வரைக்கும் வீசிடும். ஒரு சொம்பு தண்ணிதானேன்னு அந்தப் பையன் நெனச்சான், நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்.

அந்த பிளாங்கெட் பத்தி ஒரு வார்த்தை. கண்ணாடி நாருல நெய்த துணி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சைஸ்ல இருந்து கெடைக்குது, சுவத்துல ஒரு பையில தொங்கும், கீழ ரெண்டு நாடா இருக்கும், இழுத்தா வந்துடும். ரெண்டு ஓரத்தையும் மடிச்சு கையச் சுத்திக்கிட்டு, துணி நம்ம முகத்துக்கும் தீக்கும் நடுவுல இருக்குற மாதிரி புடிச்சு, நம்ம பக்கத்துல இருந்து அந்தப் பக்கமா படுக்க வைக்கணும், தூக்கி எறியக் கூடாது. கேஸ நிறுத்தணும், ஆறுற வரைக்கும் எடுக்கக் கூடாது, ஒரு தடவை உபயோகிச்சா அத மறுபடி வச்சுக்கக் கூடாது. எங்க மாட்டுறதுன்னுதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, என் சொந்தக்காரங்க வீட்டுல அடுப்புக்கு நேர் மேல சிம்னி பக்கத்துல மாட்டி வச்சிருக்காங்க. தீப்புடிச்சா அதத் தாண்டிக் கைய விட்டு எப்படி எடுப்பீங்க? சமையக்கட்டு வாசப்படி பக்கத்துல மாட்டணும். சிலிண்டருக்கும் இதே கணக்குதான், உள்ள போயி எடுக்குற மாதிரி இருக்கக் கூடாது, வெளிய போற வழியில இருக்கணும், எடுத்துட்டு உள்ள போறதா ஓடிப் போறதான்னு முடிவு பண்ற எடத்துல.

அந்த ஐயா ஒரு நல்ல யோசனை சொன்னார். எப்படியும் இந்தப் பழசையெல்லாம் மாத்தத்தான் போறீங்க, கடைக்காரர்கிட்ட ரெண்டு சிலிண்டர் மட்டும் ப்ரெஷர் நிக்கிற மாதிரி பாத்துத் தரச் சொல்லுங்க, அத வீணாக்காம ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிடுங்க, அமுக்கிப் பழகட்டும்னார். கடைக்காரர் நாலையும் பாத்துட்டு, உடம்பு தேறாதுன்னு மூணக் கழிச்சுட்டார், குளவி கட்டுனத மட்டும் சுத்தம் பண்ணிக் குடுத்தார், இன்னொண்ணு அவர் கடையில இருந்தே பழகுறதுக்குன்னு எடுத்துக் குடுத்தார். பக்கத்துக் காலி மனையில ஐயாவே நின்னு, பாதியா வெட்டுன டிரம்ல கொஞ்சம் மரத்துண்டு போட்டுக் கொளுத்தினார், பக்கத்துல ரெண்டு பக்கெட் தண்ணியும் மணலும் ரெடியா வச்சுட்டுத்தான் கொளுத்தினார். நான் எதிர்பாத்தது ஆம்பளைங்கதான் முன்னாடி வந்து நிப்பாங்கன்னு. ஐயா அவங்கள ஓரமா நிக்கச் சொல்லிட்டு, "பகல் பதினோரு மணிக்கு இந்த பில்டிங்ல யார் இருப்பாங்களோ அவங்க முதல்ல வாங்க"ன்னார். வந்தது யாரு? நாங்க நாலு பொம்பளைங்க, ரெண்டு பாட்டி, வாட்ச்மேன் அண்ணன், வீட்டு வேலைக்கு வர்ற மூணு பேரு.

அவர் சொல்லிக் குடுத்தத அப்படியே எழுதுறேன். முதல்ல சத்தம் போட்டு எல்லாரையும் வெளிய அனுப்பு, ஒருத்தர 101க்கோ 112க்கோ போன் பண்ணச் சொல்லு, அப்புறம்தான் சிலிண்டர். முதுகு வாசலப் பாத்து இருக்கணும், தீ நமக்கும் வாசலுக்கும் நடுவுல வரவே கூடாது. ஆறேழு அடி தள்ளி நில்லு. பின்ன உருவு. ஓஸ தீயோட அடியில காட்டு, மேல தெரியுற கொழுந்துல இல்ல, எது எரியுதோ அதோட அடியில. அமுக்கு. வெளக்குமாத்தால பெருக்குற மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆட்டு. அணைஞ்சதுன்னு திரும்பி நடக்காதே, பாத்துக்கிட்டே பின்னால போ.

எல்லாரும் முதல் தடவை கொழுந்துலதான் அடிச்சோம். பவுடர் வெள்ளைப் பொகையா மேல போயிடுச்சு, கீழ கட்டை பாட்டுக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சு. அதுல எல்லாருக்கும் பெரிய அதிர்ச்சி என்னன்னா நேரம். அது நிமிஷக் கணக்குல வரும்னு நாங்க நெனச்சிருந்தோம். ரெண்டு கிலோ சிலிண்டர் விடாம அமுக்குனா எட்டுல இருந்து பத்து செகண்ட். படிக்கட்டுல தொங்குற நாலு கிலோ, ஆறு கிலோ எல்லாம் பதினஞ்சு செகண்ட் வந்தா பெரிசு. ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிப் பாருங்க, பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுடும். அதனாலதான் அது குப்பைத்தொட்டி, ஒரு நாற்காலி, ஸ்விட்ச் போர்டுன்னு இந்த அளவு தீக்குத்தான். தீ நம்ம உசரத்துக்கு வந்துடுச்சு, இல்ல பொகை கூரையில கட்டி கீழ எறங்க ஆரம்பிச்சுடுச்சுன்னா சிலிண்டர எடுக்காதே, அந்த ரூம் கதவ இழுத்துச் சாத்திட்டு வெளிய வா, லிஃப்ட்ட தொடாதே, பொகை இருந்தா குனிஞ்சு தவழ்ந்து வா. ஆள அடிக்கிறது நெருப்ப விட பொகைதான். ரெண்டு தடவை சொன்னார் அத.

ரெண்டாவது மாடி பாட்டிக்கு எழுபத்தி நாலு வயசு, நானும் பண்றேன்னு வந்தாங்க. நாலு கிலோ சிலிண்டர்னா பவுடர் மட்டும்தான் நாலு கிலோ, இரும்போட சேத்து ஆறு கிலோவுக்கு மேல வரும், அவங்களால தரையில இருந்து ஒரு அடி கூடத் தூக்க முடியல. அத நாங்க யாருமே யோசிச்சதில்ல. பகல்ல அந்த மாடியில இருக்குறது அவங்க மட்டும்தான், சுவத்துல தொங்குறது அவங்களால எறக்கவே முடியாத சிலிண்டர். அப்புறம் வீட்டுக்கு ஒண்ணு ரெண்டு கிலோ வாங்குறதுன்னு முடிவாச்சு, படிக்கட்டுலயும் கொக்கிய இடுப்பு உசரத்துக்கு எறக்கினோம். பாட்டி ரெண்டு கிலோவ எடுத்து பின்ன உருவி அடிச்சு அணைச்சுட்டு "இவ்ளோதானா"ன்னாங்க, எல்லாரும் கை தட்டினோம்.

கேஸ் விஷயம் தனியா சொல்லணும், சென்னையில பெரும்பாலான வீட்டுல 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் இருக்கு. டியூப்ல இல்ல ரெகுலேட்டர்ல கசிஞ்சு தீ எரியுதுன்னா முதல்ல ரெகுலேட்டர மூடப் பாக்கணும், ஈரத்துணியோ ஈரச் சாக்கோ கையில சுத்திக்கிட்டு கைய விட முடிஞ்சா மட்டும். மூட முடியலன்னா பவுடர அடிச்சு அந்தத் தீய அணைக்கக் கூடாது. கேக்க விசித்திரமா இருக்கும், ஆனா எரிஞ்சுட்டு இருக்குற கேஸ் எரிஞ்சு போயிட்டு இருக்கு, தீய மட்டும் அணைச்சுட்டா கேஸ் நிக்காம வந்து ரூம் முழுக்க ரொம்பும், அப்புறம் ஒரு பொறி போதும் சுவரே போயிடும். அப்போ எல்லாரையும் எறக்கிட்டு, தீயணைப்புக்காரங்க வர்ற வரைக்கும் தள்ளி நிக்கிறதுதான் வேலை. தீ இல்லாம வாசனை மட்டும் வந்தா ஜன்னல் கதவத் திறந்துட்டு, ரெகுலேட்டர மூடிட்டு, எந்த ஸ்விட்சையும் போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம், அந்த கேஸ் காத்த விட கனம், தரையோட தரையாத் தேங்கி நிக்கும். வெளிய போயி 1906க்கு போன் பண்ணணும், அந்த நம்பர் ராத்திரி பகல் எப்பவும் இருக்கு.

ஈபி போர்டு பக்கத்துல தண்ணி சிலிண்டரோ நுரை அடிக்கிற ஃபோம் சிலிண்டரோ வைக்கக் கூடாது, கரியமில வாயுதான் வைக்கணும், பவுடரும் பரவாயில்ல. ஆனா கரியமில வாயு அடிக்கும்போது அந்தக் கருப்பு குழல் மாதிரி இருக்குற வாயப் புடிச்சுடாதீங்க, கை உறைஞ்சு தோல் ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வந்துடும், மேல இருக்குற கைப்பிடியத்தான் புடிக்கணும். சின்ன ரூம்ல அடிச்சுட்டு உள்ளயே நிக்கவும் கூடாது, மூச்சு விட காத்து இருக்காது.

இப்போ ஸ்டில்ட்டுல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் போடுறாங்க, எங்க பில்டிங்லயே நாலு வண்டி. அந்த பேட்டரி பத்துனா வீட்டு சிலிண்டரால ஒண்ணும் ஆகாது, பவுடர் மேல அணைச்ச மாதிரி காட்டும், உள்ள சூடு அடங்காம மறுபடி மறுபடி பத்தும், வர்ற பொகையும் விஷம். அத நாம அணைக்க முயற்சியே பண்ணக் கூடாது. மாடிப்படி ஆரம்பிக்கிற எடத்துல, தூங்குற நேரத்துல சார்ஜ் போடாம இருந்தாலே பெரிய புண்ணியம்.

வாங்குறவங்களுக்கு. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683ங்கிற நம்பரும் இருக்கணும், அதோட சிஎம்/எல்னு ஆரம்பிக்கிற லைசென்ஸ் நம்பர் இருக்கும், அந்த முத்திரை குடுக்குற பிஐஎஸ் அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பரப் போட்டா எந்தக் கம்பெனி, லைசென்ஸ் உயிரோட இருக்கான்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும். வீட்டுக்கு ஏபிசின்னு எழுதியிருக்குற பவுடர் சிலிண்டர் ரெண்டு கிலோ போதும். ஆன்லைன்ல பந்து மாதிரி ஒண்ணு விக்கிறாங்க, தீயில தூக்கிப் போட்டா வெடிச்சு அணைக்கும்னு, அத இதுக்குப் பதிலா நம்பி வாங்காதீங்க, எங்க அடிக்கிறோம் எவ்வளவு அடிக்கிறோம்னு நம்ம கையில இருக்குறதுதான் சிலிண்டரோட உபயோகமே. மாசம் ஒரு தடவை வீடு துடைக்கும்போது முள்ளு பச்சையில இருக்கா, பின் இருக்கா, ஓஸ் வாய் அடைச்சிருக்கா, அடியில துரு ஏறியிருக்கான்னு பாருங்க, பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் பக்கம் கடல் காத்துக்கு எல்லாம் சீக்கிரம் துரு ஏறும். பவுடர் சிலிண்டருக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, உள்ள தண்ணி ரொப்பி அழுத்தம் குடுத்து உடம்பு தாங்குதான்னு பாக்குற ப்ரெஷர் டெஸ்ட் பண்ணணும், பத்து வருஷம் ஆச்சுன்னா உடம்பையே கழிச்சுடணும், கரியமில வாயுக்கு டெஸ்ட் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. எங்களோடது 2011 ஆச்சே, அது தெரியாம அதுக்கே வருஷா வருஷம் காசு கட்டியிருக்கோம்.

இன்னொண்ணு, ஒரு தடவை ஒரே ஒரு செகண்ட் அமுக்கிப் பாத்தா கூட அத மறுபடி ஃபில் பண்ணியே ஆகணும். பவுடர் போயி வால்வ் இடுக்குல ஒக்காந்துக்கும், அது வழியா காத்து கொஞ்சம் கொஞ்சமா எறங்கி சில நாள்லயே முள்ளு செவப்புக்கு வந்துடும். எங்க பில்டிங்ல ஒரு சிலிண்டர் அப்படித்தான் செத்திருக்கு, பசங்க வெளையாட்டுக்கு அமுக்கிட்டு பயந்துபோயி திரும்ப மாட்டிட்டாங்க. அடிச்ச எடத்துல பவுடர அன்னிக்கே சுத்தம் பண்ணிடணும், விட்டா அடுப்பு, மிக்ஸி, ஃப்ரிட்ஜ் மோட்டார் எல்லாத்தையும் அரிச்சுடும், மேல பட்ட சாப்பாட்டத் தூக்கிப் போட்டுடுங்க.

இப்போ சட்டத்துக்கு வர்றேன். 2004 ஜூலை 16 கும்பகோணத்துல ஒரு ஸ்கூல் தீ விபத்துல 94 கொழந்தைங்க போனாங்க. சமையல் கொட்டகையில பத்துன தீ, கீத்துக் கூரை. அந்த நாள் எங்க வீட்டுல அடுப்பே எரியல, என் பொண்ணு அப்போ ரெண்டாங்கிளாஸ். அதுக்கப்புறம் ஒரு பொதுநல வழக்கு போயி 2009ல சுப்ரீம் கோர்ட் நாட்டுல இருக்குற எல்லா ஸ்கூல்லயும் தீயணைப்பு சாதனம் வைக்கணும்னு சொல்லுச்சு, அதோட நிக்காம வாத்தியாருங்களுக்கும் மத்த ஊழியர்களுக்கும் அத உபயோகிக்கப் பயிற்சி குடுக்கணும்னும் சொல்லுச்சு. ரெண்டையும் சேத்துச் சொன்னாங்க பாருங்க, அதான் எனக்கு முக்கியமாப் படுது. சாதனம் ஒரு பாதி, கை பழகுறது இன்னொரு பாதி.

நாங்க இருக்குற மாதிரி ப்ளாட்டுக்கு அந்த ரெண்டாவது பாதி இல்லவே இல்ல. தமிழ்நாட்டுல 2019 கட்டட விதிப்படி 18.30 மீட்டருக்கு மேல போனாத்தான் அது உயரமான கட்டடம், தீயணைப்புத் துறையோட கெடுபிடி எல்லாம் பெரும்பாலும் அங்கதான். நங்கநல்லூர், மடிப்பாக்கம், வேளச்சேரி, கொளத்தூர், பெரம்பூர்னு எங்க பாத்தாலும் ஸ்டில்ட்டுக்கு மேல மூணு மாடி நாலு மாடிதான், அந்த உசரத்துக்குக் கீழதான் நாங்க எல்லாரும் இருக்கோம். பில்டர் சாவி குடுக்குற அன்னிக்கு நாலு செவப்பு சிலிண்டர மாட்டிட்டுப் போயிடுறார், அதுக்கப்புறம் அது உயிரோட இருக்கான்னு கேக்க அரசாங்கத்துல இருந்து ஒரு ஆள் இந்த இருபது வருஷத்துல எங்க கேட்டத் தாண்டி உள்ள வந்ததில்ல.

அதனால உங்க பேப்பர் மூலமா அரசாங்கத்துக்கு ரெண்டு கோரிக்கை. ஒண்ணு, வருஷா வருஷம் ஏப்ரல் 14ல இருந்து 20 வரைக்கும் தீயணைப்பு வாரம் கொண்டாடுறோம், 1944ல பம்பாய் துறைமுகத்துல கப்பல் வெடிச்சு செத்துப்போன தீயணைப்பு வீரர்கள் ஞாபகமா. நோட்டீஸ் குடுக்குறாங்க, ஸ்கூல்ல, ஆஸ்பத்திரியில செஞ்சு காட்டுறாங்க, ரொம்ப நல்ல விஷயம். அந்த வாரத்துல ஒவ்வொரு வார்டுலயும் ஒரு மைதானத்துல, பகல் பதினோரு மணிக்கு, வீட்டுல இருக்குற பொம்பளைங்க, வாட்ச்மேனுங்க, வீட்டு வேலை பாக்குறவங்க கையில சிலிண்டரக் குடுத்து அவங்களே அமுக்கிப் பாக்க விடணும். பாத்துட்டு மட்டும் வந்தா பத்தாது, பின்னு எப்படிக் கழலுதுன்னு கை தெரிஞ்சுக்கணும். டேட் முடிஞ்சு கழிக்கப் போற சிலிண்டர் எத்தனையோ ஆஃபீஸ்ல மூலையில கெடக்கு, ஃபில் பண்ற கடைக்காரங்க பாத்து, உடம்பு நல்லா இருக்குறதா எடுத்துக் குடுத்தா பழகுறதுக்கு அதுவே போதும், தனியா செலவே வேணாம்.

ரெண்டாவது, சிலிண்டர் செக் பண்றேன்னு வர்றவங்க ஸ்டிக்கர்ல வெறும் தேதி மட்டும் போடாம, மீட்டர் எங்க இருந்துச்சு, எடை எவ்வளவு, கடைசி ப்ரெஷர் டெஸ்ட் எந்த வருஷம்னு மூணையும் எழுதணும்னு கட்டாயமாக்கணும், நம்ம முன்னாடியே எடை போட்டுக் காட்டணும். நாங்க இப்போ அப்படித்தான் பண்றோம். புது ஆள் வந்தப்போ வாட்ச்மேன் அண்ணனே கூட நின்னு ஒவ்வொண்ணா நம்பரச் சொல்லச் சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டார், அந்த நோட்டு கேட் பக்கத்துல தொங்குது, யார் வேணா பாக்கலாம்.

உங்ககிட்டயும் ஒரு கோரிக்கை, பெரிய மனசு பண்ணணும். கார்த்திகை தீபம், தீபாவளி வர்ற வாரத்துல முதல் பக்கத்துல ஓரமா ஒரு சின்ன பெட்டிச் செய்தி போடுங்க. எண்ணெய் பத்துனா மூடு, தண்ணி வேணாம். 101, 112. கேஸுக்கு 1906. இத மட்டும் பெரிய எழுத்துல போட்டா போதும், கத்தரிச்சு சமையக்கட்டுல ஒட்டிக்குவாங்க. எங்க எதிர் வீட்டு மாமி இப்போ வாணலி வச்சா பக்கத்துலயே அந்தத் தாம்பாளத்தையும் எடுத்து வச்சுக்கிட்டுத்தான் அடுப்பப் பத்த வைக்கிறாங்க. அந்த அக்காவுக்கு இந்தப் பொங்கலுக்கு அசோசியேஷன் சார்பா ஒரு பட்டுப்புடவை எடுத்துக் குடுத்தோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை